தராசை யார் தூக்கிப் போடுவது?

எனக்கு இரத்தக் கொதிப்பு வந்ததற்கு டாக்டர் உப்பைக் குறை சொன்னார், ஊறுகாயைக் குறை சொன்னார், கடைசியில் என் அப்பா வழி வம்சத்தையே இழுத்தார். எல்லாம் தப்பு. காரணம் ஒரே ஒரு மனிதர். தினமும் நாடு முழுக்க இருந்து ஜனங்கள் வந்து இறங்குகிற இந்தத் திருப்பதியில், என்னை அந்த அளவுக்குக் கோபப்படுத்திய ஆள் இன்னொருவர் வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. வந்தாலும் மலையேறிக் கும்பிட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விடுவார். இவரோ என் எதிர்வீட்டில் குடியிருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. காலனியில் யாருக்கும் தெரியாது. தமிழ் பேசுகிறவர்களுக்கு அவர் தராசு. தெலுங்கு பேசுகிறவர்கள் அதையே தக்கெட என்பார்கள். சித்தூர் வெல்ல மண்டியில் எடை போடுகிற வேலையில் தலை நரைத்து, ஓய்வு பெற்று இங்கே வந்தவர். மண்டியை விட்டு வந்தாரே தவிர எடை போடுவதை விடவில்லை. உலகத்தில் எந்தப் பொருளும் அவர் கண்ணுக்கு இரண்டாகத்தான் தெரியும். இரண்டையும் இரண்டு கையில் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டு, "எது நல்லது?" என்பார். பதில் சொன்னாலும் விடமாட்டார், சொல்லாவிட்டாலும் விடமாட்டார்.

காய்கறி வண்டிக்காரர் இவரைத் தூரத்தில் கண்டாலே அடுத்த தெருவுக்கு வண்டியைத் திருப்புவார். இரண்டு கத்தரிக்காயோடு இவர் நிற்கிற நேரத்தில் வண்டியில் இருக்கும் கீரை வாடிவிடும். ஒருமுறை அலிபிரி வழியாக மலையேறக் கிளம்பினார். பாதி ஏறியதும், ஸ்ரீவாரி மெட்டு வழி இதைவிட நன்றாக இருக்குமோ என்று சந்தேகம். இறங்கினார். பஸ் பிடித்துப் போய் அந்த வழியில் பாதி ஏறினார். இப்போது அலிபிரியே தேவலை என்று தோன்றிவிட்டது. மொத்தத்தில் ஒரு முழு மலையை ஏறி, ஒரு முழு மலையை இறங்கி, சாமியை மட்டும் பார்க்காமல் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார். வாசலில் நின்ற என்னிடம், "ரெண்டுலயும் காத்து நல்லாத்தான் கீதும்மா" என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

அவர் மனைவியை நாங்கள் நகரி அக்கா என்போம். நகரியில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை விசைத்தறி ஓட்டியவர். இந்த மனிதரோடு எப்படிக் குடித்தனம் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தப்போ எங்க வூட்ல நான் ஒருத்திதான் பொண்ணு," என்றார் அக்கா. "இன்னொருத்தி இருந்திருந்தா, இந்த ஆளு இன்னும் எங்க வூட்டு பஜ்ஜியத் துன்னுக்கினே குந்திக்கினு இருந்திருப்பாரு."

இப்படிப்பட்டவர் காதில் விழும்படி நான் ஒரு கேள்வி கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் மகள் அப்போது ஆறாவது படித்தாள். பள்ளிக்கூட ஆட்டோவில் யார் இடித்தாலும் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் டிரைவர் மடியில் வந்து உட்காருகிற சாது. அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும் என்று ஏதாவது தற்காப்புக் கலை கற்றுக்கொடுக்க நினைத்தேன். காலனியில் இரண்டு வகுப்புகள் புதிதாக முளைத்திருந்தன. ஒன்று ஜூடோ. முகூர்த்தம் இல்லாத நாட்களில் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற டிரில் சார் நடத்தினார். நின்றபடியே எதிராளியின் சட்டையைப் பிடித்து, நிலை தடுமாற வைத்து, தூக்கித் தரையில் போடுகிற வித்தை. இன்னொன்று ஜியு-ஜிட்சு. அதை ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஓர் இளைஞன் நடத்தினான். கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை, நெற்றியில் திருமண், வேலை கம்ப்யூட்டரில். சின்ன சாமி என்று கூப்பிடுவோம். பெங்களூரில் இருந்தபோது கற்றுக்கொண்டு வந்திருந்தான். இது பெரும்பாலும் தரையில் படுத்துக்கொண்டு போடுகிற சண்டை. எதிராளியைக் கையாலும் காலாலும் பின்னிப் பிடித்து, அவன் தோற்றேன் என்று தரையைத் தட்டும்வரை விடக்கூடாது.

"ஜூடோவா, ஜியு-ஜிட்சுவா, பொண்ண எதுல சேக்கறது?" என்று ஒரு பேச்சுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இரண்டு கையிலும் இரண்டு பால் பாக்கெட்டோடு தராசு வெளியே வந்தார்.

"இன்னாம்மா, இன்னொரு வாட்டி சொல்லு. ரெண்டு பேரு சொன்னியே."

சொன்னேன்.

"ரெண்டும் ஆளப் புடிச்சிக் கீழ தள்றதுதானே? தள்னா அடி படாதா?"

"அடி படாம எப்படி விழறதுன்னுதான் மொதல்ல சொல்லிக் குடுப்பாங்களாம்ணா."

தராசு கையிலிருந்த பால் பாக்கெட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கக்கூட இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே கிடையாது.

காரணம் காலனிக்கே தெரியும். நகரி அக்காவுக்குக் காதுக்குள் ஏதோ கோளாறு. சொல்லாமல் கொள்ளாமல் தலை சுற்றி, நின்ற இடத்தில் சாய்ந்துவிடுவார். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஒருமுறை விழுந்தார். அப்புறம் குழாயடியில் விழுந்தபோது கையை ஊன்றிவிட்டார், மணிக்கட்டு உடைந்தது. எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மாத்திரையில் சுற்றல் குறைந்ததே ஒழிய நிற்கவில்லை. எந்த டாக்டரிடம் போனாலும் ஒரே வார்த்தை: "விழாமப் பாத்துக்கோங்க." இதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா என்ன ஆசைப்பட்டா விழுகிறார்? மழை பெய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதுதானே. இந்த ஒரு வரியைச் சொல்ல எதற்கு ஆஸ்பத்திரி, எதற்குக் கண்ணாடிக் கதவு?

அதற்குப் பிறகு தராசு மனைவியை விட்டு நகரவே இல்லை. அக்கா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். அக்காவுக்கோ தனியாகக் கடைக்குப் போக வேண்டும், பஸ் ஏறி நகரியில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். "தறி ஓட்னவள பொம்மக் கணக்கா குந்த வெச்சிட்டாரு" என்று என்னிடம் கண் கலங்குவார்.

"அவ விழறத எவனாலயும் நிறுத்த முடியாது," என்றார் தராசு, பால் பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டே. "எப்படி விழறதுன்னு சொல்லிக் குடுத்தாப் போதும்மா. ரெண்டுல எது நல்லதுன்னு மொதல்ல நான் விழுந்து பாக்கறேன். நான் எட போட்டுப் பாக்காத சரக்க அவகிட்ட குடுக்க மாட்டேன். அதுவரிக்கும் நீயும் கொழந்தய எதுலயும் சேக்காத."

நான் என்ன, இவர் முடிவு சொல்கிறவரை காத்திருக்கப் பைத்தியமா? மறுநாளே மகளை ஜூடோவில் சேர்த்தேன். உடம்பை அசைக்கச் சொல்லி டாக்டர் நச்சரித்ததால் பெண்கள் வகுப்பில் நானும் சேர்ந்தேன். சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனால், வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், இடுப்பில் வெள்ளைத் துணிப்பட்டையோடு தராசு பிள்ளைகள் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறார். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நகரி அக்கா. பெரியவர்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறதே என்று கேட்டேன். "பெரியவங்க சும்மா சும்மா எழுந்து தண்ணி குடிக்கப் போறாங்கம்மா. புள்ளைங்கதான் ஒழுங்கா விழுதுங்க" என்றார்.

வகுப்பு ஆரம்பிக்கும்போது ஆசிரியருக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குனிந்தார்கள். தராசு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். ஒரு பெரியவர் விழுந்திருக்கும்போது தாங்கள் நிற்பதா என்று பிள்ளைகளும் தடதடவென்று விழுந்தார்கள். தன்னைவிட மூத்தவர் தன் காலில் விழுந்ததில் பதறிப்போன டிரில் சார், எதிரே தானும் விழுந்தார். அந்த நேரம் பார்த்து மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்த ஒருவர், உள்ளே ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் விழுந்தார். முதலில் யார் எழுவது என்று தெரியாமல் எல்லோரும் அப்படியே கிடந்தார்கள். நகரி அக்கா சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

விழுவதற்கான பாடம் முதல் வாரமே நடந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, பின்னால் உருண்டு, முழுக் கையாலும் மெத்தையை அறைய வேண்டும். கையை ஊன்றக் கூடாது. ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். டிரில் சார் இதைச் சொன்னபோது தராசு திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

தராசு நன்றாகவே விழுந்தார். நான் பாராட்டக்கூடச் செய்தேன். அவர் முகத்தில் திருப்தி இல்லை.

"இது விழறதே இல்லம்மா. நானா குந்தறேன், நானா சாயறேன். அவ இன்னா சொல்லிக்கினா விழறா? எவனாச்சும் என்னத் திடீர்னு தூக்கிப் போடணும். அப்போ என் கை ஊனுதா, அறையுதான்னு பாத்தாத்தான் கணக்கு."

நியாயமான பேச்சுதான். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. அவரைத் தூக்கிப் போட ஆள் இல்லை.

ஜூடோவில் பாதிக்குப் பாதி காலால் செய்கிற வேலை. எதிராளியின் காலைத் தன் காலால் தட்டி வாரிவிட வேண்டும். எங்கள் பிள்ளைகளோ பெரியவர்கள் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பழகியவர்கள். ஒரு பையன் தராசின் சட்டையை ஆவேசமாகப் பிடிப்பான், இழுப்பான், காலை வீசுவான். பாதம் பட்டதும் முகம் செத்துப்போகும். பிடியை விட்டுக் குனிந்து, அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். குனிந்தவனைத் தராசு பூப்போல மெத்தையில் கிடத்துவார். அடுத்தவன் வருவான், கால் படும், கும்பிடுவான், கிடப்பான். இப்படியே அந்த வகுப்பில் யாராலும் வெல்ல முடியாத வீரர் ஆகிவிட்டார்.

"ஏண்டா, காலத் தட்டுடான்னா கும்புட்டுக்கினே கீறியே," என்று அவரே கத்துவார். "நான் இன்னா உற்சவரா?"

டிரில் சாரிடமே போய் நின்றார். நீங்களாவது என்னைத் தூக்கிப் போடுங்கள் என்று கேட்டார். சாரின் முகம் வெளுத்துவிட்டது.

"அன்னா, மீரு பெத்தவாள்ளு. மிம்மல்னி நேனு எட்ல படேசேதி?" என்றவர், தமிழிலும் சொன்னால்தான் பாவம் தீரும் என்பதுபோல், "பெரியவங்கள நான் எப்படிண்ணா கீழ போடறது? எங்கம்மா வூட்ல சேக்க மாட்டாங்க" என்றார்.

சரி, ஜூடோ சரிப்படவில்லை என்று தராசு ஜியு-ஜிட்சுவுக்குப் போனார். ஜூடோவையும் விடவில்லை. காலையில் ஜியு-ஜிட்சு, சாயங்காலம் ஜூடோ. கார் நிறுத்துமிடத்தில் நிலைமை இன்னும் மோசம். அந்த வித்தையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, எதிராளியின் இடுப்பிலோ மார்பிலோ உள்ளங்காலை வைத்து உதைத்துத் தள்ள வேண்டும். சின்ன சாமி படுத்தான், காலைத் தூக்கினான், தராசின் மார்புக்கு முன்னால் காலை அந்தரத்தில் நிறுத்தினான். அதற்கு மேல் கால் போகவில்லை.

"வையி சாமி," என்றார் தராசு.

"மாமா, நேக்குக் கால் நடுங்கறது. ஆத்துல தெரிஞ்சா அப்பா என்னைத் தளிகை பண்ற அடுப்படிப் பக்கமே விட மாட்டார். நீங்க வேணா என் மேல காலை வெச்சுக்கோங்கோ. உதைங்கோ. நன்னா உதைங்கோ."

"உன் நெத்தில நாமம் கீது. உன் மேல நான் எப்படிக் கால வைக்கறது?"

இருவரும் வெகுநேரம் ஒருவரை ஒருவர் உதைக்கச் சொல்லி மன்றாடினார்கள். காரை எடுக்க வந்தவர் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தார்கள். ஆனால் ஒரு காரியம் அங்கே நடந்தது. தரையில் கிடக்கிறவர் யாருடைய கையையும் பிடிக்காமல், ஒருக்களித்து, ஒரு காலையும் ஒரு கையையும் ஊன்றி, இடுப்பைப் பின்னால் இழுத்து எழுகிற முறையைச் சின்ன சாமி சொல்லிக்கொடுத்தான். அதைத் தராசு விடாமல் செய்து பார்த்தார்.

அதன் அருமை எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தூரில் நடந்த ஜூடோப் போட்டிதான். சுற்றுவட்டாரப் பிள்ளைகளெல்லாம் வந்திருந்தார்கள். என் மகள் முதல் ஆட்டத்திலேயே நன்றாக ஆடினாள். எதிரே நின்ற பெண்ணின் சட்டையைச் சரியாகப் பிடித்தாள், சரியான நேரத்தில் காலை வீசினாள், அந்தப் பெண் சாயத் தொடங்கிவிட்டாள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்தக் கணம் என் மகள் பிடியை விட்டாள். குனிந்தாள். தன் வயதே ஆன அந்தப் பெண்ணின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, என் மகளைத் தூக்கிப் போட்டாள். நடுவர் கையைத் தூக்குவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றார்.

அடுத்து எங்கள் மண்டபத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், ஒவ்வொருவராகக் கும்பிட்டார்கள், ஒவ்வொருவராகத் தோற்றார்கள். தினமும் தராசோடு பழகிப் பழகி அது கைப்பழக்கம் ஆகிவிட்டிருந்தது. பார்வையாளர் வரிசையில் ஒருவர், "எந்த ஊர்ப் பிள்ளைங்க, எவ்வளவு மரியாதையா வளத்திருக்காங்க" என்றார். நான் அவரை முறைத்ததில் இடம் மாறி உட்கார்ந்தார். பஸ்ஸில் என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். 

ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் வகுப்பும் பிள்ளைகள் வகுப்பும் ஒன்றாக நடக்கும். போட்டிக்கு அடுத்த ஞாயிறு நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது தராசு மெத்தை நடுவில் நின்று ஒரு பையனிடம், "தட்டுடா, தட்டு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் நேராகப் போனேன்.

"அண்ணா, உங்களால எங்க புள்ளைங்க எல்லாம் தோத்துப் போச்சிங்க. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா. அதான் யோசிச்சிக்கினு கீறேன். இதுங்கள ஜியு-ஜிட்சுல போட்டுட்டா, கால் பட்டாலும்..."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. யோசிக்கிறாராம். இன்னும் யோசிக்கிறாராம். அவர் சட்டைக் கழுத்தை ஒரு கையால் பிடித்தேன், முழங்கைத் துணியை இன்னொரு கையால் பிடித்தேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒரே ஒரு பிடிதான். வலது காலை அவர் காலுக்குப் பின்னால் கொண்டுபோய் வாரினேன். தராசு வானத்தில் போனார். படார் என்று மெத்தையில் விழுந்தார்.

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. ஒற்றிக்கொள்கிற எண்ணமும் எனக்கு இல்லை.

 டிரில் சார் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். மெத்தையில் தராசு மல்லாந்து கிடந்தார். மோவாய் மார்போடு ஒட்டி இருந்தது. வலது கை முழுசாக மெத்தையை அறைந்து, விரிந்து கிடந்தது. அவர் தலையைத் திருப்பி அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊனல," என்றார். பிறகு நாற்காலிப் பக்கம் பார்த்துச் சத்தமாக, "ஏம்மே, பாத்தியா? ஊனல."

"பாத்தேன், பாத்தேன்," என்றார் நகரி அக்கா.  "எழுந்துக்கோ மொதல்ல."

தராசு எழுந்து வந்து என் முன்னால் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இன்னொரு வாட்டி போடும்மா" என்றார்.

அன்று பிடித்த சனியன். அதற்குப் பிறகு என்னால் அவரை ஒழுங்காகத் தூக்கிப் போட முடியவில்லை. கோபம் இல்லாதபோது எனக்கும் கால் கூசியது, மெதுவாகச் சாய்த்தேன். "கோவம் இல்லாம போட்டா நைசா போடற. அது ஒதவாது" என்று குறைப்பட்டுக்கொண்டார். அதற்கு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். மெத்தையில் எதிரே வந்து நின்றுகொண்டு என்னைக் கிளப்பிவிட ஆரம்பித்தார்.

"நேத்து நீ குடுத்தனுப்பின சாம்பாரு, பக்கத்து வூட்டு சாம்பாரு, ரெண்டுத்தையும் வெச்சிப் பாத்தேன். உன்னுதுல புளி..."

படார்.

"உன் வூட்டுக்காரு போன மாசம் வாங்கினாரே ஒரு வண்டி, அதவிட..."

படார்.

நான் எழுதுகிற பத்திரிகைக் கட்டுரைகளையும், மளிகைக்கடைக் காலண்டரில் வருகிற துணுக்குகளையும் ஒப்பிட்டு ஒருநாள் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதை எழுத மாட்டேன். அன்றைக்கு அவர் விழுந்த விழுகையைப் பிள்ளைகள் கை தட்டிப் பார்த்தார்கள். இன்னொரு நன்மையும் நடந்தது. ஓர் ஆன்ட்டியே இப்படித் தாத்தாவை வாரும்போது நாம் ஏன் கும்பிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் தெளிந்தது. என் மகள் அடுத்த வாரம் அவரைத் தூக்கிப் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போனாள். பள்ளி ஆட்டோவில் இப்போது மற்றவர்கள்தான் நகர்ந்து உட்காருகிறார்களாம்.

எல்லாவற்றையும் தன் உடம்பில் பார்த்த பிறகுதான் தராசு வீட்டில் பாடம் தொடங்கினார். இருந்த இலவம்பஞ்சு மெத்தைகளையெல்லாம் கூடத்தில் விரித்தார். முதலில் உட்கார்ந்தபடி, பிறகு குத்துக்காலிட்டு, பிறகு நின்று. தினமும் காலையில் எதிர்வீட்டிலிருந்து தொப், தொப் என்று சத்தம் வரும். காலனியில் சிலர், மனிதர் ஓய்வு பெற்ற பிறகு பெண்டாட்டியை அடிக்கிறார் என்று கிசுகிசுத்தார்கள். அக்கா விழுந்து கை உடைத்துக்கொண்டு கிடந்தபோது ஒரு தம்ளர் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்காதவர்கள், இப்போது நியாயம் கேட்கக் கும்பலாகக் கிளம்பினார்கள். கதவைத் தட்டினார்கள். நகரி அக்கா தலை கலைந்து, முகம் சிவந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

"இன்னா எல்லாரும் சேந்து வந்துக்கினு கீறீங்க? நான் இன்னும் கொஞ்சம் விழ வேண்டியது கீது. அப்பறமா வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. மறுபடியும் தொப்.

ஒருநாள் வாசலில் வைத்து அவரை மடக்கினேன். "அண்ணா, இவ்ளோ நாளு ரெண்டுலயும் கெடந்து உருண்டிங்களே. எது நல்லது? இப்பவாவது சொல்லுங்க."

தராசு இரண்டு கையையும் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"விழறதுக்கு ஜூடோ. எழறதுக்கு ஜியு-ஜிட்சு."

"அப்போ கொழந்தைங்கள எதுல சேக்கறது?"

"கொழந்தைங்க தானா எழுந்துக்கும். அதுங்க விழக் கத்துக்கினாப் போதும். பெரியவங்களுக்குத்தான்மா எழறது கஷ்டம்."

இந்த ஒரு பதிலைச் சொல்லவா இத்தனை மாதம் என் பிராணனை வாங்கினீர்கள் என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு வெளியூரில் இருந்த அவர்கள் மகனுக்குச் சத்தியவேட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. "நைனா, நீங்க ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க" என்று அவன் கூப்பிட, வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். எதிர்வீட்டில் இப்போது குடியிருக்கிறவர் நல்ல மனிதர். எதையும் கேட்பதில்லை, எதையும் சொல்வதில்லை. என் இரத்தக் கொதிப்பு இறங்கியிருக்கிறது என்று டாக்டர் மகிழ்ச்சியோடு சொன்னார். எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை.

போன வாரம் நகரி அக்கா போன் செய்தார்.

"அம்மாடி, நான் விழுந்துட்டேன்," என்றார். குரலில் கல்யாணச் செய்தி சொல்கிற சந்தோஷம். "சத்தியவேடு பஸ் ஸ்டாண்டுல. நகரிக்கு எங்கண்ணன் வூட்டுக்குப் போலாம்னு தனியா வந்தேன். நான் ஒருத்தியாப் போறேன், நீ வராதன்னு இவருகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். பஸ்ல கால வைக்கறப்போ தல சுத்திச்சி. எவ்ளோ நல்லா விழுந்தேன் தெரியுமா? கைய ஊனல. படார்னு அறைஞ்சேன். ஜனங்கல்லாம் தண்ணி எடுத்துக்கினு ஓடி வரதுக்குள்ள நானா ஒருக்களிச்சி எழுந்துட்டேன். ஒரு கீறல் இல்ல."

"உங்க வீட்டுக்காரரு எங்கக்கா?"

"அத ஏன் கேக்கற. வராதன்னு சொன்னேனே, கேட்டாரா? எனக்குத் தெரியாம பின்னாலயே வந்து டீக்கட மறைவுல நின்னுக்கினு இருந்திருக்காரு. நான் விழுந்தத அங்கேந்து பாத்திருக்காரு. நான் எழுந்து திரும்பிப் பாக்கறேன், இந்த ஆளு தரையில குந்திக்கினு அழுவறாரு. எழுந்துக்க முடியல. நான்தான் போயி கை குடுத்துத் தூக்கினேன்."

அக்கா போனை அவரிடம் கொடுத்தார். 

"எல்லாம் நீ என்னத் தூக்கிப் போட்டதும்மா," என்றார் தராசு. போனை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். 

போனை வைத்ததும் அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. மறுநாள் காலையில், ஒரு வேலையும் இல்லாமல், சத்தியவேடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.